யார் பிழைப்பார் ஈங்கு? பூம்புகார் முதல் கொற்கை வரை

செவ்வாய், பூம்புகார்

ஒரு தெய்வம் ஓர் ஊரையே, ஒரு நாகரிகத்தையே ஒட்டுமொத்தமாக அழித்தால் அதை நியாயம் என்று சொல்ல முடியுமா? ரொம்ப நாளாக மனதை அரிக்கிற கேள்வி இது. நோவா காலத்து வெள்ளம், சோதோம், குர்ஆன் சொல்லும் ஆது கூட்டம், ஸமூது கூட்டம் என்று வேதங்களில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வருகிறது. நம்மிடமும் இரண்டு இருக்கின்றன. புகாரைக் கடல் கொண்டது, மதுரையைத் தீ தின்றது. அடுத்தவர் வேதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாதாடுவதைவிட நம் கதைகளை அந்தந்த மண்ணிலேயே நின்று யோசிக்கலாம் என்று கிளம்பிவிட்டேன். அன்றன்றைக்குத் தோன்றுவதை அன்றன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

சீர்காழியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து வந்தேன். ஆடி மாதம், கரையில் காற்று நிற்கவிடவில்லை. குடகு மலையில் புறப்பட்ட காவிரி, கடலில் சேரும் இந்த இடத்தில் பார்ப்பதற்கு ஒரு பெரிய வாய்க்கால் மாதிரிதான் இருக்கிறது. கரையை அலை அரிக்காமலிருக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். ரோமாபுரி வரை பேர் போன துறைமுகம் எங்கே என்று கேட்டால் எல்லோரும் கடலைத்தான் கைகாட்டுகிறார்கள். நிலத்தில் மிஞ்சியதைப் பார்க்கக் கீழையூருக்கும் மேலையூருக்கும் போக வேண்டும். கீழையூரில் 1960-களில் தொல்லியல் துறை தோண்டியபோது பழைய படகுத்துறையின் செங்கல் மேடையும், படகு கட்டும் மரக்கம்பங்களும் கிடைத்தன. மேலையூர் பல்லவனீச்சுரத்தில் புத்த விகாரையின் அடித்தளம் இருக்கிறது.

கடல் ஏன் வந்தது என்பதற்கு மணிமேகலை சொல்லும் காரணம் இது. சோழன் நெடுமுடிக்கிள்ளிக்கும் நாகநாட்டு இளவரசி பீலிவளைக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையைக் கம்பளச்செட்டி என்ற வணிகனிடம் கொடுத்துக் கப்பலில் அனுப்பினாள் தாய். கரைக்குப் பக்கத்திலேயே கப்பல் உடைந்தது. குழந்தை என்ன ஆனது என்று தெரியவில்லை. மகனைத் தேடிக் கரையெல்லாம் அலைந்த அரசன் இந்திர விழாவை மறந்துபோனான். மணிமேகலா தெய்வம் அதைப் பொறுக்கவில்லை. "அணிநகர் தன்னை அலைகடல் கொள்க" என்று சாபம் கொடுத்தது. அவ்வளவுதான் கதை.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் வந்த தண்டனை இல்லை இது. விழாவை மறந்தால் நாளங்காடிப் பூதம் துன்பம் செய்யும், சதுக்கப் பூதம் ஊரைவிட்டுப் போய்விடும் என்று அதே காப்பியம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. இருபத்தெட்டு நாள் நடக்கும் அந்த விழா, மழைக்கும் வளத்துக்குமாக ஊர் தெய்வத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம். ஒப்பந்தத்தை மீறினால் விளைவு இருக்கத்தான் செய்யும் என்று யாராவது சொன்னால் என்னால் உடனே தள்ளிவிட முடியாது. ஆனால் மீறியது யார்? பிள்ளையைத் தொலைத்த ஒரு தகப்பன். பறையறைந்து விழாவை அறிவிக்கும் அதிகாரம் அவன் ஒருவன் கையில் இருந்தது. மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்றவளும் உப்பு விற்றவளும் என்ன செய்திருக்க முடியும்? அவர்கள் மீறாத ஒப்பந்தத்துக்கு அவர்கள் வீட்டுக்குள் கடல் வந்திருக்கிறது. புத்தத் துறவி அறவண அடிகளும் மாதவியும் அவள் தோழி சுதமதியும் பத்திரமாக வஞ்சிக்குப் போய்விட்டார்கள் என்பதையும் காப்பியமே சொல்கிறது. தெரிந்தவர்கள் தப்பினார்கள்.

சாயங்காலம் படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையின் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் கண்ணி கண்ணியாக முடிந்துகொண்டே வந்தார். கிழிந்த இடம் எதுவோ அதோடு கை நின்றுவிடும். நல்ல கண்ணியை அவர் தொடவே இல்லை. சுனாமி பற்றிக் கேட்டேன்.

"அப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்கம்மா. ஊர்ல பாவம் பெருத்துப்போச்சு, அதான் கடலம்மா சீறிட்டான்னு" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "கோவம்னா ஆள் பார்த்துதானேம்மா வரணும்? அது ஆள் பார்த்து வரலையே."

புதன், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி

பெரியவர் சொன்னது இரவெல்லாம் மண்டைக்குள் ஓடியது. ஆள் பார்க்காத கோபத்தைத் தண்டனை என்று எப்படிச் சொல்வது? ஆள் பார்ப்பதுதானே நீதிமன்றத்துக்கும் வெள்ளத்துக்கும் வித்தியாசம்?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் முந்தின நாளே வந்து தங்கிய யாத்ரீகர்கள் காலையில் கடற்கரையில் இருந்தார்கள். கும்பிட வந்தவர்களை அலை கொண்டுபோனது. இன்றைக்கும் அதே மணலில் குழந்தைகள் அலையோடு ஓடி விளையாடுகிறார்கள். அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் மிக அதிகம். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை போன்ற குப்பங்கள் மோசமாக அடிபட்டன. கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் யாரோ அவர்கள் முதலில் செத்தார்கள். ஊருக்குள்ளே மாடி வீட்டில் இருப்பவரின் பாவக்கணக்கு எதுவானாலும் அவர் பிழைத்தார்.

1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் அன்று லிஸ்பன் நகரத்தில் நிலநடுக்கம் வந்தபோதும் இதுதான் நடந்தது. தேவாலயங்கள் நிறைந்திருந்த காலை நேரம். கூரை விழுந்தது பூசையில் இருந்தவர்கள் தலையில். அப்போதும் அதைக் கடவுளின் தண்டனை என்று பிரசங்கம் செய்தவர்கள் இருந்தார்கள்.

எனக்கு இங்கே நின்றபோது வந்த கோபம் வேறு. பழைய கதைகளில் அழிவுக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை வரும். நோவா கப்பல் கட்டினார், ஸமூது கூட்டத்துக்கு ஸாலிஹ் நபி வந்தார், யோனா நினிவே நகருக்குப் போனார். சொல்லியும் கேட்காதவர்களுக்குத்தான் தண்டனை என்பது அந்தக் கதைகளின் நியாயம். 2004-இல் யார் வந்து சொன்னார்கள்? சுமத்ரா பக்கம் கடலடியில் நிலம் பிளந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில். அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. குப்பத்து ஜனங்கள் மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம், அவ்வளவு அவகாசம் இருந்தது. சொல்ல ஏற்பாடு இல்லை. ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது. "தெய்வம் தண்டித்தது" என்று சொல்லி முடித்துவிட்டால் இந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். செத்தவர்கள் மேலேயே குற்றமும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது எனக்குத் தாங்கவில்லை.

யோனா கதையின் முடிவை நினைத்துக்கொண்டேன். நினிவே மனம் திருந்தியதால் அழிவு நின்றுபோகிறது. தான் சொன்ன அழிவு வராததில் யோனாவுக்குக் கோபம். அப்போது கடவுள் கேட்கிறார்: வலக்கைக்கும் இடக்கைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருக்கிற ஊர், ஏகப்பட்ட கால்நடைகள் வேறு இருக்கின்றன, நான் இரக்கப்படக் கூடாதா? புத்தகமே அந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. தண்டிக்க வந்த தெய்வத்தின் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வருவதுதான் எனக்குப் பிடித்தது.

வியாழன், பஸ்ஸில்

நாகையிலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து மதுரை. பார்க்க நின்றது எதுவும் இல்லை, யோசித்தது மட்டும் கொஞ்சம்.

சோதோமை அழிக்கப் போவதாகக் கடவுள் சொன்னதும் ஆபிரகாம் பேரம் பேசுகிறார். ஐம்பது நல்லவர்கள் இருந்தால் விட்டுவிடுவீரா? நாற்பத்தைந்து? நாற்பது, முப்பது, இருபது, பத்து. பத்தில் நின்றுவிடுகிறார். ஏன் பத்தோடு நின்றார்? ஒன்பது நல்லவர் இருக்கிற ஊரை எரிக்கலாமா?

நம் ஔவை இந்தக் கணக்கை நேரே ஒன்றுக்குக் கொண்டுவந்துவிட்டாள். "நல்லார் ஒருவர் உளரேல் அவர்பொருட்டு எல்லார்க்கும் பெய்யும் மழை." நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் கசிகிற மாதிரி, ஒருவருக்காக ஊருக்கே மழை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் போன பாட்டு. இன்றைக்கு அதைத் தெய்வ நீதி பற்றிய ஒரு தீர்ப்பாகவே படிக்கிறேன். நல்லது பரவலாம், தகுதியில்லாதவருக்கும் போய்ச் சேரலாம், அதில் யாருக்கும் அநியாயம் இல்லை. தண்டனையை அப்படிப் பரவவிட முடியாது. ஒருவன் குற்றத்துக்காக எல்லோர் வீட்டிலும் தீ என்பதற்கு ஔவையிடம் பாட்டு இல்லை.

வெள்ளி, மதுரை

இன்று ஆடி வெள்ளி. சிலப்பதிகாரக் கதைப்படி மதுரை எரிந்ததும் ஓர் ஆடி வெள்ளிதான். சிம்மக்கல் பக்கம் செல்லத்தம்மன் கோயிலில் எள் போட்டால் விழாது. உள்ளே கண்ணகிக்கும் சந்நிதி இருக்கிறது. தங்கள் ஊரை எரித்தவளை அந்த ஊர்க்காரர்களே கும்பிடுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். யாரிடமோ நியாயம் கேட்கிற முகம். கண்ணகியிடம் வந்து நிற்பவர்கள் பலர் அதைத்தான் கேட்க வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நானும் அவள் பக்கம்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விசாரணை இல்லாமல் புருஷனை வெட்டிப் போட்டார்கள். அவள் அரசவையில் ஏறி நின்று சிலம்பை உடைத்து நிரூபித்தாள். அதைவிடப் பெரிய வழக்கு தமிழில் இல்லை. ஆனால் தீயைப் பற்றி யோசிக்கும்போது, நடந்ததை வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாணிக்கப் பரல் தெறித்ததும் பாண்டியன் "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி விழுந்து சாகிறான். கோப்பெருந்தேவியும் அவன் காலடியில் சாகிறாள். குற்றவாளி குற்றத்தை ஒப்புக்கொண்டு, தனக்குத் தானே மரண தண்டனையும் கொடுத்துக்கொண்டுவிட்டான். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. தீ வருவது அதற்கப்புறம்.

ஊர் மக்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கண்ணகி கையில் சிலம்போடு தெருவில் வந்தபோது மதுரையார் எல்லாரும் கலங்கி நின்றார்கள். வளையாத செங்கோல் வளைந்துவிட்டதே, இது என்ன என்று அழுதார்கள். அவளைப் பார்த்துக் கல்லெறியவில்லை, கதவைச் சாத்தவில்லை. அரசன் பக்கம் பேச ஒரு குரல்கூடத் தெருவில் எழவில்லை. ஊரே உடந்தை, அதனால் ஊரே எரிந்தது என்று வாதாட நினைப்பவர்களுக்கு இளங்கோவடிகள் இடமே வைக்கவில்லை.

அப்புறம் தீக்கடவுள் வருகிறான். ஒரு பார்ப்பன வடிவத்தில் அவள் முன்னால் வந்து, உனக்குத் தீங்கு நடக்கும் நாளில் இந்த ஊரை எரிக்கச் சொல்லி எனக்கு முன்பே உத்தரவு இருக்கிறது, "யார் பிழைப்பார் ஈங்கு?" என்று கேட்கிறான். எத்தனை தடவை படித்தாலும் இந்தக் கேள்வியில் நின்றுவிடுவேன். சோதோமில் ஆபிரகாம் கடவுளிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. இங்கே நெருப்பே வந்து கேட்கிறது, யாரை விடட்டும் என்று. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே போ என்கிறாள் கண்ணகி. தீயும் கேட்டு நடக்கிறது. அறவோர் இருக்கும் பக்கம் போகாமல் மறவோர் சேரியில் மண்டுகிறது. கறவையும் கன்றும் சூடு படாமல் ஆயர் தெருவுக்கு வந்து சேர்கின்றன.

கூட்டத் தண்டனை நியாயமாக இருக்க வேண்டுமானால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லலாம். ஆள் பார்த்துப் போகிற நெருப்பு. பூம்புகார்ப் பெரியவர் கேட்டதும் இதைத்தானே? சரி, இதையே சோதித்துப் பார்ப்போம்.

அந்தப் பட்டியலில் பசு இருக்கிறது, குழந்தை இருக்கிறது. சாதாரண மனுஷன் இல்லை. தவசியும் இல்லாத, கிழவனும் இல்லாத, பெரிய பாவமும் செய்யாத ஒரு நெசவாளி எந்தக் கணக்கில் வருவான்? மறவோர் சேரியில் குடியிருந்தவன் எல்லாம் தீயவனா? பட்டியல் என்று வந்தாலே ஆள் மறைந்து வகை வந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. இடைக்குல முதுமகள் மாதரி. கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்தவள், குடிசை கொடுத்துச் சமைக்கப் பாத்திரமும் கொடுத்தவள். மதுரையில் கண்ணகிக்கு நல்லது செய்த ஒரு ஆளைக் காட்டு என்றால் அவளைத்தான் காட்ட வேண்டும். முதியவள், ஆகவே பட்டியல்படி தீ அவளைத் தொடக் கூடாது. அவளோ அடைக்கலப் பொருளை இழந்துவிட்டேனே, குடையும் கோலும் பிழைத்தனவே என்று கதறி, நடு இரவில் தானே நெருப்புக்குள் போய்விடுகிறாள். காப்பியம் இதை வெகு சுருக்கமாக, பின்னால் மாடலன் என்ற மறையவன் வாய்வழியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. எவ்வளவு கவனமாகக் குறி பார்த்து எரித்தாலும் எரிகிற ஊரில் நல்லவர்களால் உயிர் வாழ முடிவதில்லை. தண்டனை தீயவரைத் தேடிப் போகலாம், துக்கம் அப்படிப் போகாது.

பொழுது சாய வைகைக் கரைப் பக்கம் நடந்தேன். எரித்ததற்குக் காப்பியம் எத்தனை காரணம் சொல்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். கண்ணகியின் சீற்றம் ஒன்று. தீக்கடவுளுக்கு முன்பே இருந்த ஏவல் இன்னொன்று. மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி வந்து, ஆடி மாதத் தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை மதுரை எரியும் என்று பழைய வாக்கு இருந்தது என்கிறது. கோவலன் போன பிறவியில் சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான், அவன் மனைவி நீலியின் சாபம்தான் கோவலனைக் கொன்றது என்றும் சொல்கிறது. எது உண்மைக் காரணம்? நாள் குறித்து வைத்திருந்தால் பாண்டியன் தவறாத தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் ஊர் எரிந்திருக்குமா? ஒரு காரணம் போதுமானதாக இருந்தால் இத்தனை காரணம் தேவைப்பட்டிருக்காது. இளங்கோவுக்கே மனம் ஆறவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கண்ணகிகூட எரிப்பதற்கு முன்னால் "குற்றமிலேன் யான்" என்று வானத்தையும் ஊரையும் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

சனி, மதுரை

தெற்காவணி மூல வீதி முழுக்க நகைக்கடைகள். அவற்றுக்குப் பின்னால் சந்துகளில் பட்டறைகள். ஒன்றில் வயதான பத்தர் ஒருவர் சங்கிலியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அறுந்த கண்ணியில் வெங்காரம் தடவி, பொடி வைத்து, விளக்குச் சுடரை ஊதுகுழலால் வளைத்து அந்த ஒரு புள்ளியில் மட்டும் செலுத்தினார். சுடர் ஊசி மாதிரி நீண்டது. பொடி உருகிப் பளிச்சென்று ஓடியதும் ஊதுவதை நிறுத்திவிட்டார். பக்கத்துக் கண்ணி நிறம்கூட மாறவில்லை.

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். சிரிக்கவில்லை, யோசித்துவிட்டுத்தான் பேசினார். "கண்ணகி மதுரையை எரிச்சது சரியா தப்பான்னு எத்தனையோ பட்டிமன்றம் கேட்டாச்சும்மா. ரெண்டு பக்கமும் நல்லாத்தான் பேசுவாங்க. கதையில திருடுன பொற்கொல்லன் ஒருத்தன்தான். பேரு என்னமோ தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் வந்துச்சு."

"உங்களைக் கேட்டா என்ன சொல்வீங்கய்யா?"

"அந்தம்மா மேல எனக்கு வருத்தம் இல்ல. புருஷனைப் பறிகொடுத்தவ. அதுக்கப்புறம் வந்தவங்க நிதானமா உக்காந்து யோசிச்சு செஞ்சாங்க பாருங்க, அதுதான்."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கொற்கைக்குப் போகிறேன்.

ஞாயிறு, திருநெல்வேலி

கொற்கைக்குப் போகும் வழியில் இங்கே தங்கியதற்குக் காரணம் உண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் பெரிய நிலநடுக்கம் வந்தது, பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24-இல் திருநெல்வேலியில் பேசும்போது, இது தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார்.

ஒரு நாகரிகத்துக்கே தெய்வ தண்டனை என்ற வாதத்தை இதைவிட வலுவாக யாரும் வைத்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். ஏனென்றால் இங்கே பாவம் உண்மையிலேயே ஊர்ப் பாவம். அரசன் ஒருவன் செய்த தவறு இல்லை. கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாதவன், கோயில் வாசலில் நிறுத்தியவன், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன், அதனால் சுகப்பட்டவன் என்று ஒரு சமூகமே சேர்ந்து நூற்றாண்டுக் கணக்காகச் செய்தது. இப்படிப்பட்ட குற்றத்துக்கு ஒரு ஆளைப் பிடித்துச் சிறையில் போட முடியாது. காந்தி அடுத்தவரைக் கைகாட்டவும் இல்லை. நாம் செய்த பாவம் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

தாகூர் மறுத்தார். காந்தி அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் இதழிலேயே பிப்ரவரியில் வெளியிட்டுப் பதிலும் எழுதினார். இயற்கையின் நிகழ்ச்சியை ஒழுக்கக் கணக்கோடு முடிச்சுப் போடக் கூடாது என்பது தாகூரின் கட்சி. இப்படி வாதாடுவது எதிராளிக்குத்தான் இன்னும் வசதி என்றும் எச்சரித்தார். தீண்டாமை வேண்டும் என்பவர்களும் இதே பூகம்பத்தைக் காட்டி, காந்தி கூட்டம் தர்மத்தைக் கெடுத்ததால் வந்த தண்டனை என்று சொல்லலாமே? காந்தி கடைசிவரை தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

தாமிரபரணிப் பாலத்தில் நின்று இதை ரொம்ப நேரம் யோசித்தேன். நான் தாகூர் பக்கம், ஆனால் என் காரணம் இன்னும் எளிமையானது. பீகாரில் இடிந்த சுவர்களுக்கு அடியில் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களும் செத்தார்கள். யாருக்கு எதிராகப் பாவம் நடந்ததோ அவர்களையே அந்தப் பாவத்துக்கான தண்டனை கொன்றால், அது எந்த நீதியில் சேரும்? ஊர்ப் பாவம் என்று ஒன்று நிச்சயம் இருக்கிறது. அதற்கு ஊர் பதில் சொல்லத்தான் வேண்டும்: சட்டத்தை மாற்றி, கோயிலைத் திறந்து, பறித்ததைத் திருப்பிக் கொடுத்து. அந்தப் பயணத்தில் காந்தி செய்துகொண்டிருந்ததும் அதுதான். அதைச் செய்ய உயிரோடு ஆட்கள் வேண்டும். கூட்டமாகக் கொன்றுவிட்டால் திருந்துவதற்கும் யாரும் மிஞ்ச மாட்டார்கள், நஷ்டஈடு வாங்குவதற்கும் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

திங்கள், கொற்கை

ஏரல் வழியாக வந்தேன். முத்துக் குவித்த பாண்டியர் துறைமுகம் இன்று வயலும் வாழையும் பனையும் உள்ள சின்ன ஊர். தாமிரபரணி மண் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் சில மைல் கிழக்கே தள்ளிப்போய்விட்டது. பூம்புகாரில் கடல் உள்ளே வந்தது, இங்கே வெளியே போயிருக்கிறது. இதற்கு யாரும் சாபக் கதை சொல்லவில்லை. துறைமுகம் செத்தது என்னவோ இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

பழைய வன்னி மரத்தைப் பார்த்துவிட்டு, ஊர்க் குளத்தை ஒட்டிய வெற்றிவேல் செழிய நங்கை கோயிலுக்குப் போனேன். கண்ணகிக்குக் கட்டிய கோயில் என்று சொல்கிறார்கள். சின்னக் கோயில், அந்த நேரத்தில் யாரும் இல்லை.

மதுரை எரிந்தபின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, வறுமையும் வெப்பு நோயும் வந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேல் செழியன் என்ற பாண்டியன் கண்ணகியின் சீற்றம் தணியப் பலி கொடுத்தான். பலி, பொற்கொல்லர் ஆயிரம் பேர். "ஈரைஞ்ஞூற்றுவர்" என்று எண்ணிச் சொல்கிறது காப்பியம், ஒரே பகலில் என்றும் சொல்கிறது. மதுரையில் திருடியவன் ஒருவன். செத்தவர்கள் அதே தொழில் செய்த ஆயிரம் பேர். பத்தர் சொன்ன "அதுக்கப்புறம் வந்தவங்க" இவன்தான்.

மதுரையில் தீயே வந்து யாரை விடட்டும் என்று கேட்டது. கொற்கையில் அரசன் யாரிடமும் கேட்கவில்லை. மூத்தவர் உண்டா, அறவோர் உண்டா என்று பார்க்கவில்லை. ஒருத்தி கொதித்துப்போய்ச் செய்ததை இவன் பூசையாகத் திட்டமிட்டுச் செய்தான். தெய்வம் ஒரு ஊரையே அழிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டபின், தெய்வத்தின் பெயரால் ஒரு கூட்டத்தையே அழிக்கலாம் என்று அரசன் கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? தெய்வத்துக்கு எல்லோர் மனமும் தெரியும், அது தண்டித்தால் கணக்கு சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கைக் கையில் எடுப்பவன் எப்போதும் ஒரு செழியன்தான். அவனுக்கு யார் மனமும் தெரியாது.

பலி கொடுத்த பின் மழை பெய்தது, நோய் நீங்கியது என்று காப்பியம் சொல்கிறது. என்னை மிகவும் பயமுறுத்துவது அந்த மழைதான். பலன் கிடைத்துவிட்டது என்று எழுதிவிட்டால், அடுத்த பஞ்சத்தில் அடுத்த ஆயிரம் பேரை எந்த அரசனும் தேடுவான்.

கோயில் திண்ணையில் உட்கார்ந்து வஞ்சிக் காண்டத்தின் கடைசிப் பகுதியைப் படித்தேன். இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை எடுக்கிறான். கண்ணகி தெய்வ வடிவில் தோன்றிப் பேசுகிறாள். அவள் சொல்வது: "தென்னவன் தீதிலன்." பாண்டியன் குற்றமற்றவன், இந்திரன் மாளிகையில் விருந்தாளியாகிவிட்டான், நான் அவன் மகள். கோவலனைக் கொல்லச் சொன்னவனுக்கே அவள் மன்னிப்புக் கொடுத்துவிட்டாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அந்த வரிக்குப் பிறகு மறவோர் சேரி எதற்காக எரிந்தது என்று சொல்ல யாரிடமும் பதில் இல்லை. மாதரி நெருப்புக்குள் போனதற்கும் இல்லை. இந்த ஊரில் ஒரே பகலில் வெட்டுப்பட்ட ஆயிரம் பேரில் ஒருவரைப் பற்றியாவது, தீதிலன் என்று ஒரு சொல் இருக்கிறதா என்று கடைசிவரை தேடிப் பார்த்தேன். இல்லை.